முதலில் ஓவர் எடுக்கப் பழகுங்கள்: புதிதாக டூட்டியில் சேரும் நர்ஸுக்கு

திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையின் மெடிக்கல் வார்டுக்கு நான் இன்சார்ஜ் சிஸ்டர். நர்ஸிங் கவுன்சிலில் பதிவு முடித்து, கையில் ஆர்.என்., ஆர்.எம். (நர்ஸ், மிட்வைஃப்) பதிவு எண்ணோடு வருகிற பிள்ளைகள் முதல் வாரத்தில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சிஸ்டர், வெய்ன் போட எப்போ விடுவீங்க?" வெய்ன் போடுவது, அதாவது ட்ரிப்ஸுக்கு நரம்பில் ஊசி ஏற்றுவது, கைப்பழக்கம். நாலு மாதத்தில் வந்துவிடும், வராதவர்களை நான் பார்த்ததே இல்லை. தானாக வராத ஒன்று ஓவர் எடுப்பது. டூட்டி முடித்துப் போகிறவரிடமிருந்து நோயாளிகளை வாங்கிக்கொள்கிற அந்த இருபது, இருபத்தைந்து நிமிடத்தைச் சொல்கிறேன். கல்லூரியில் இதற்குத் தனியாகப் பரீட்சை கிடையாது. ஆனால் அதைச் சரியாகச் செய்யாதவர் அந்த டூட்டி முழுக்க எதன் பின்னாலோ ஓடிக்கொண்டே இருப்பார். அதனால் இந்தக் குறிப்பில் ஓவர் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

சேருவதற்கு முன்

காகித விஷயங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். டிப்ளமோ முடித்தாலும் பி.எஸ்சி. முடித்தாலும், தமிழ்நாடு நர்ஸுகள், மிட்வைஃபுகள் கவுன்சிலில் பதிவான பிறகுதான் நீங்கள் நர்ஸ். 1926-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இதுதான் நடைமுறை. "எண் அப்புறம் வரட்டும், இன்றைக்கே நைட் பாரும்மா" என்று யாராவது சொன்னால், தனியாக ஷிஃப்ட் ஏற்காதீர்கள். ஏதாவது நடந்தால் கேள்வி உங்களிடம்தான் வரும். பதிவு வந்ததும் புதுப்பிக்க வேண்டிய தேதியைப் போனில் குறித்துவையுங்கள்.

ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்டுங்கள், நகல் கொடுங்கள், ஒரிஜினலை விட்டுவிட்டு வராதீர்கள். "ரெண்டு வருஷம் பாண்ட், அதுவரை எங்க லாக்கரில் இருக்கட்டும்" என்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. வேறு வேலை கிடைக்கும் நாளில்தான் அதன் வலி தெரியும். சம்பளம் பேசும்போது ஒன்றை மனதில் வையுங்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேற்பட்ட இடங்களில் மாநில அரசு நர்ஸுக்கு இணையாகத் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரைதான், பல இடங்களில் அது நடப்பதில்லை. ஆனாலும் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் (0, 1, 6 மாதம்) போட்டாயிற்றா என்று பாருங்கள். கடைசி டோஸுக்கு ஒன்று, இரண்டு மாதம் கழித்து டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு வந்திருக்கிறது என்ற சோதனை) எடுங்கள், 10-க்கு மேல் இருக்க வேண்டும். படிக்கும்போது போட்டோம் என்பார்கள், டைட்டர் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

பையில் செகண்ட் முள் உள்ள வாட்ச், சின்ன டார்ச், கத்தரி, இரண்டு பேனா. செல்போனில் செகண்ட் பார்த்துப் பல்ஸ் எண்ணாதீர்கள். அந்தப் போன் பெட்டுக்குப் பெட் உங்கள் கையோடு போய்விட்டு, பிறகு வீட்டுக்கும் வருகிறது.

ஓவர்

டூட்டி நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்பே வார்டில் இருங்கள். கவுண்டரில் உட்கார்ந்து, நோட்டைப் புரட்டி, "ஒண்ணு நார்மல், ரெண்டு நார்மல், மூணு டிஸ்சார்ஜ்" என்று வாங்குவதை நான் ஓவர் என்று ஒப்புக்கொள்வதில்லை. இரண்டு பேரும் பெட் பெட்டாக நடக்க வேண்டும்.

ஒவ்வொரு பெட்டிலும் ஒரே வரிசையில் பாருங்கள். முதலில் முகம், மூச்சு. பிறகு மேலே தொங்கும் பாட்டிலிலிருந்து ஆரம்பித்துக் கீழே வாருங்கள். என்ன திரவம், அதில் என்ன மருந்து கலந்திருக்கிறது, லேபிள் ஒட்டியிருக்கிறதா, எவ்வளவு மீதி, எத்தனை மணிக்கு முடியும். அந்த ட்யூபைப் பிடித்துக்கொண்டே வென்ஃப்ளான் (நரம்பில் குத்தியிருக்கும் ஊசிக்குழாய்) வரைக்கும் போங்கள். கை வீங்கியிருக்கிறதா, சிவந்திருக்கிறதா, போட்ட தேதி என்ன. ஆக்சிஜன் இருந்தால் மீட்டரில் லிட்டரைப் படியுங்கள், மாஸ்க் உண்மையில் முகத்தில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள், பல தாத்தாக்களுக்கு அது நெற்றியில் இருக்கும். யூரின் பேகில் எவ்வளவு, என்ன நிறம். கடைசியாக, படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு பேரும் சேர்ந்து ஒருமுறை திருப்பி முதுகைப் பாருங்கள். முதுகில் புண் யார் டூட்டியில் வந்தது என்று மறுநாள் சண்டை வராமல் இருக்க இது ஒன்றே வழி.

சிரிஞ்ச் பம்ப் ஓடினால் எண்ணை மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். பி.பி.யைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து நார்அட்ரினலின். "நார்அட்ரினலின் 5-இல் போகுது" என்பது பாதித் தகவல். 50 மில்லியில் 4 மில்லிகிராமா, 8 மில்லிகிராமா? எண் அதேதான், டோஸ் இரண்டு மடங்கு. சிரிஞ்சின் மேல் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், எழுதவில்லை என்றால் போகிறவர் போவதற்குள் எழுத வையுங்கள். இன்னும் எவ்வளவு நேரம் வரும், அடுத்த சிரிஞ்ச் தயாரா என்பதையும் கேளுங்கள். நார்அட்ரினலின் தீர்ந்த பிறகு மருந்தகத்துக்கு ஆள் அனுப்புவது பி.பி.க்குப் பிடிக்காது.

பார்த்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பாக்கி என்ன சிஸ்டர்?" நோட்டில் இல்லாததெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். ரத்தம் அனுப்பியாச்சு, ரிசல்ட் வாங்கலை. சி.டி.க்குச் சொல்லியிருக்காங்க, நேரம் வரலை. டாக்டர் லாஸிக்ஸ் வாயில சொன்னார், எழுதலை. 8-ஆம் பெட் விஷம் குடிச்ச கேஸ், போலீஸ் இன்டிமேஷன் போயிருக்கான்னு தெரியலை. 14-க்கு நாளைக்கு எண்டோஸ்கோபி, வெறும் வயிறு. இந்தப் பாக்கிகள்தான் உங்கள் டூட்டியின் உண்மையான வேலைப் பட்டியல்.

போகிறவருக்கு அம்பாசமுத்திரம் பஸ் போய்விடும். அவசரப்படுத்துவார். நீங்கள் புதுசு, அவர் சீனியர். பரவாயில்லை, "சிஸ்டர், 12-ஐ மட்டும் ஒரு தடவை சேர்ந்து பார்த்துடலாம், எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லுங்கள். புதுசாக இருக்கும்போது பயம் என்ற வார்த்தைக்கு யாரும் கோபப்பட மாட்டார்கள். அந்தச் சலுகை ஒரு வருஷம்தான், நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம் எமர்ஜென்சி ட்ராலி. லாரிங்கோஸ்கோப்பை (தொண்டைக்குள் பார்க்கும் கருவி) விரித்து லைட் எரிகிறதா என்று பாருங்கள். சக்ஷனை (சளி உறிஞ்சும் மெஷின்) ஆன் செய்து விரலை வைத்துப் பாருங்கள். அட்ரினலின், அட்ரோபின் எண்ணிக்கையும் காலாவதித் தேதியும் பாருங்கள். ஆக்சிஜன் சிலிண்டர் சாவி சிலிண்டரோடு கட்டியிருக்கிறதா? எந்த ஆஸ்பத்திரியிலும் அவசரத்தில் முதலில் காணாமல் போவது அந்தச் சாவிதான்.

முதல் சுற்று

ஓவர் முடிந்ததும் ஒரு தாளை மடித்து மணி வாரியாகக் கட்டம் போடுங்கள். 2 மணி, 4 மணி, 6 மணி. எந்தப் பெட்டுக்கு என்ன என்று கட்டத்துக்குள் எழுதிவிட்டு, முடிந்ததை அடியுங்கள். தலையில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். முதல் போன் வந்ததும் தலை காலியாகிவிடும்.

முதலில் யாரைப் பார்ப்பது? சத்தம் போடுகிறவரை அல்ல. சத்தம் போட மூச்சு இருக்கிறது என்று அர்த்தம். காலையிலிருந்து பேசிக்கொண்டிருந்து, இப்போது சும்மா படுத்திருக்கிறவரைப் பாருங்கள். மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். நம் ஊர் சார்ட்டுகளில் எல்லோருக்கும் மூச்சு 20 தான். பிறந்ததிலிருந்து சாகும் வரை 20. எண்ணாமல் எழுதுகிறோம், அவ்வளவுதான். ஆனால் நோயாளி மோசமாகும்போது பி.பி. விழுவதற்கு முன்பே பெரும்பாலும் மூச்சு ஏறும். 28 என்று நீங்கள் எண்ணிச் சொன்னால் அதுதான் அந்த ஷிஃப்டின் முக்கியமான செய்தி. அடுத்து யூரின். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லிக்குக் கீழே போனால் சொல்ல வேண்டும், காலையில் ரவுண்ட்ஸ் வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

மருந்து

எங்கள் பக்கம் ஒரே வார்டில் இரண்டு இசக்கியம்மாள், மூன்று மாடசாமி படுத்திருப்பது சாதாரணம். இனிஷியலும் சில சமயம் ஒன்றாகவே இருக்கும். "இசக்கியம்மா தானே பாட்டி?" என்று கேட்டால், காது கேட்காத பாட்டி சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். "உங்க பேர் என்ன பாட்டி? எந்த ஊரு?" என்று கேளுங்கள். அவர் வாயிலிருந்து பெயர் வரட்டும், கையில் கட்டியிருக்கும் பட்டையில் ஐ.பி. எண் (உள்நோயாளி எண்) பாருங்கள். பெட் எண்ணை நம்பாதீர்கள். ஃபேன் காற்று வரவில்லை என்று அவர்களே பெட் மாறிப் படுத்துக்கொள்வார்கள்.

இன்சுலின் விஷயத்தில் தனியாகக் கவனம் வேண்டும். நம் நாட்டில் இன்சுலின் வயல் (மருந்துக் குப்பி) பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் வயலும் உண்டு, அதற்கு ஆரஞ்சு மூடி. 40-க்கான சிரிஞ்சில் 100 வயலை எடுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும். வயலையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணைப் படித்துவிட்டு, இன்னொருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

பொட்டாசியம் குளோரைடு ஆம்ப்யூலை நேராக நரம்பில் தள்ளக் கூடாது, எந்த டாக்டர் எந்த அவசரத்தில் சொன்னாலும் சரி. கலந்து, மெதுவாக. பாட்டிலில் ஊற்றியதும் நன்றாகத் தலைகீழாக ஆட்டிக் கலக்குங்கள், இல்லையென்றால் அடியில் தங்கி முதலில் அதுவே போகும். வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயினை நார்மல் சலைனில் மட்டும் கலங்கள், டெக்ஸ்ட்ரோஸில் போட்டால் திரிந்துவிடும். செஃப்ட்ரையாக்ஸோன் ஆன்டிபயாட்டிக்கையும் ரிங்கர் லாக்டேட் ட்ரிப்ஸையும் ஒரே லைனில் விடாதீர்கள்.

சொட்டுக் கணக்கு பரீட்சையோடு மறந்துவிடுகிறது. ஐ.வி. செட்டின் (ட்ரிப்ஸ் ட்யூப்) கவரைப் படியுங்கள், சாதாரண செட் பெரும்பாலும் மில்லிக்கு 20 சொட்டு. 500 மில்லி 4 மணி நேரத்தில் என்றால் மணிக்கு 125 மில்லி. 125-ஐ 20-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 42 சொட்டு. மைக்ரோ செட்டில் மில்லிக்கு 60 சொட்டு, அதில் மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு, கணக்கே வேண்டாம். வைத்துவிட்டுப் போய் கால் மணி கழித்துத் திரும்பப் பாருங்கள். நோயாளி கையை மடக்கினால் எல்லாம் மாறிவிடும், கூட இருக்கும் மச்சான் "சீக்கிரம் முடியட்டும்" என்று ரோலரைத் திறந்துவிட்டாலும் மாறிவிடும்.

ஆன்டிபயாட்டிக் முதல் டோஸ் போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். அலர்ஜியாகி மூச்சு இழுத்து, உடம்பு தடித்து, பி.பி. விழுந்தால் பெரியவர்களுக்கு அட்ரினலின் 0.5 மில்லி (1:1000), தொடையின் வெளிப்பக்கம், தசையில். அவில், ஹைட்ரோகார்ட்டிசோன் எல்லாம் அதற்கு அப்புறம்தான். உங்கள் வார்டின் எழுத்து உத்தரவு என்ன சொல்கிறது என்று சேர்ந்த வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் தேட முடியாது.

ரத்தம் ஏற்றுவதென்றால் பேகின் எண், குரூப், பெயர், ஐ.பி. எண்ணை இரண்டு பேர் சேர்ந்து சத்தமாகப் படித்துச் சரிபாருங்கள். ரத்த வங்கியிலிருந்து வந்த அரை மணிக்குள் ஆரம்பித்து, நாலு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முதல் 15 நிமிடம் பெட்டை விட்டு நகராதீர்கள்.

மழைக்காலத்தில் எங்களுக்குப் பாம்புக்கடி நிறைய. அதில் புது நர்ஸிடம் வரும் முதல் வேலை 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை, விஷம் ரத்தத்தை உறையவிடாமல் செய்கிறதா என்று பார்ப்பது. சுத்தமான, காய்ந்த கண்ணாடி டெஸ்ட் ட்யூப், 2 மில்லி ரத்தம், 20 நிமிடம். பிளாஸ்டிக் ட்யூபில் எடுத்தால் பயன் இல்லை. நடுவில் "உறைஞ்சிருச்சா" என்று ஆட்டிப் பார்த்தாலும் கெட்டது. எடுத்த நேரத்தை ட்யூபின் மேலேயே ஒட்டிவிட்டு, தொடாமல் விட்டுவிடுங்கள். விஷமுறிவு மருந்து ஓடும்போது அட்ரினலின் சிரிஞ்சில் ஏற்றித் தயாராக இருக்கட்டும்.

டாக்டருக்குப் போன்

"சார், 6-ஆம் பெட் ஒரு மாதிரி இருக்கார்" என்று சொன்னால் திட்டுதான் கிடைக்கும். பேசுவதற்கு முன் கேஸ் ஷீட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், இப்போதைய பல்ஸ், பி.பி., மூச்சு, ஆக்சிஜன் அளவு, சுகர் எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இப்படி:

"சார், மெடிக்கல் வார்டு ஸ்டாஃப் பேசறேன். 6-ஆம் பெட் சுடலைமுத்து, 62 வயசு, நிமோனியான்னு நேத்து அட்மிட் ஆனவர். சாயங்காலம் மூச்சு 22, இப்போ 32. ரெண்டு லிட்டர் ஆக்சிஜன்ல 94 இருந்தது, இப்போ 86. வியர்க்குது. ஆக்சிஜனைக் கூட்டி, தலைப்பக்கம் உயர்த்தி வச்சிருக்கேன். நீங்க வந்து பார்க்கணும் சார்."

கடைசி வாக்கியம் ரொம்ப முக்கியம். வர வேண்டுமா, மருந்து சொன்னால் போதுமா என்பதை நீங்களே கேட்டுவிட வேண்டும். அவர் போனில் மருந்து சொன்னால் பெயர், டோஸ், வழி மூன்றையும் திருப்பிச் சொல்லி "சரிதானே சார்?" என்று கேளுங்கள். டோபமினும் டோபுட்டமினும் போனில் ஒன்று போலத்தான் கேட்கும். நேரத்தோடு எழுதுங்கள், அவர் வந்ததும் கையெழுத்து வாங்குங்கள். ராத்திரி மூன்று மணிக்குக் கூப்பிட்டதற்கு ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்) எரிந்து விழுந்தால் விழட்டும், அவரும் தூங்காத பிள்ளைதான். அவர் வரவில்லை, நோயாளி மோசமாகிறார் என்றால் அதற்கு மேலே இருப்பவரையும் உங்கள் இன்சார்ஜையும் கூப்பிடுங்கள். என்னைக் கூப்பிடாமல் விட்டதற்காகத்தான் நான் திட்டியிருக்கிறேன், கூப்பிட்டதற்காக இல்லை.

எழுதுவது

செய்ததும் எழுதுங்கள். முன்கூட்டி எழுதவே எழுதாதீர்கள். 6 மணி மருந்தை 4 மணிக்கே சார்ட்டில் டிக் போட்டுவிட்டு, 5 மணிக்கு நோயாளி டிஸ்சார்ஜ் ஆகிப் போன கதைகள் எல்லா ஆஸ்பத்திரியிலும் உண்டு. தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்து. ஒயிட்னர் பூசினால் கோர்ட்டில் அதைத்தான் முதலில் காட்டுவார்கள். "டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது" என்று மட்டும் போதாது. எந்த டாக்டர், எத்தனை மணி, என்ன சொன்னார் என்று வேண்டும். விஷம், விபத்து, அடிதடிக் கேஸ்களில் நோயாளி சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுங்கள், உங்கள் ஊகத்தைச் சேர்க்காதீர்கள்.

வெய்ன் பற்றியும் ஒரு வார்த்தை

கேட்டுக்கொண்டே இருப்பீர்கள், அதனால் சொல்கிறேன். வென்ஃப்ளானின் அளவு நிறத்தில் தெரியும்: பச்சை 18, பிங்க் 20, நீலம் 22, மஞ்சள் 24. எண் கூடக் கூட ஊசி மெல்லிசு. வயதானவருக்குப் பச்சையைக் குத்தி வீரம் காட்ட வேண்டாம். டூர்னிக்கே (கையை இறுக்கும் பட்டை) கட்டி, கையைத் தொங்கவிட்டு, கண்ணால் தேடாமல் விரலால் தேடுங்கள். இரண்டு முறை கிடைக்கவில்லை என்றால் அடுத்தவரைக் கூப்பிடுங்கள். மூன்றாவது குத்து உங்கள் ரோஷத்துக்காகத்தான் இருக்கும், வலி அவருக்கு.

ஊசி உங்களையே குத்தினால்

மூடியைத் திரும்பப் போடாதீர்கள். ஊசி வெள்ளை டப்பாவில், ஐ.வி. செட்டும் கையுறையும் சிவப்புப் பையில், ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளில், கண்ணாடி வயல் நீலத்தில். அப்படியும் குத்திவிட்டால் சோப்பும் ஓடுகிற தண்ணீரும் போதும். பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், டெட்டாலில் முக்காதீர்கள். உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல் பயனில்லை, 28 நாள் சாப்பிட வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கிற பிள்ளைகளைத்தான் நினைத்து எனக்குக் கவலை.

மனிதர்கள்

ஆயாம்மாவிடம் மரியாதையாக இருங்கள். எந்தப் பெட் நேற்று ராத்திரி சாப்பிடவில்லை, எந்த வீட்டில் சண்டை, யார் மருந்தைத் தலையணைக்கடியில் வைக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பிரதராக (ஆண் நர்ஸாக) வேலைக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று: பெண் நோயாளிக்குக் கத்தீட்டர், ஈ.சி.ஜி. என்றால் ஒரு சிஸ்டரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான்.

சொந்தக்காரர்கள் பத்துப் பேர் வந்து பத்துத் தடவை ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "யாராவது ஒருத்தர் மட்டும் எங்கிட்ட பேசுங்க, நீங்க மத்தவங்களுக்குச் சொல்லுங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நோய் எப்படிப் போகும் என்பதை டாக்டர் சொல்லட்டும். ஆனால் "எனக்குத் தெரியாது" என்று நகர்ந்துவிடாதீர்கள். "இப்ப பி.பி. பரவாயில்லை, சாயங்காலம் டாக்டர் வரும்போது நீங்க இங்கேயே இருங்க, நான் கூப்பிடறேன்" என்றால் பாதிச் சத்தம் அடங்கும்.

நைட் டூட்டிக்கு வீட்டிலிருந்து சாப்பாடு எடுத்து வாருங்கள், கேன்டீனை நம்பாதீர்கள். பகலில் தூங்குவதற்கு வீட்டில் யாரும் விடமாட்டார்கள். கல்யாணம், வளைகாப்பு என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். நைட் வாரத்தில் போகாதீர்கள், இரண்டு பேருக்கு வருத்தம் வரும், போகட்டும்.

கிளம்பும்போது

இப்போது ஓவர் கொடுப்பது உங்கள் முறை. அரை மணி முன்பே உங்கள் மடித்த தாளை எடுத்து, அடிக்காமல் மிச்சம் இருப்பதைப் பாருங்கள். செய்ய முடிந்ததைச் செய்யுங்கள், முடியாததைப் பாக்கி என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ட்ரிப்ஸ் தீரும் நிலையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், அடுத்த பாட்டிலைத் தொங்கவிட்டுப் போனால் வருகிறவர் உங்களை வாழ்த்துவார். அந்தத் தாளில் நோயாளி பெயர் இருக்கும், பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போகாமல் கிழித்துப் போடுங்கள்.

பஸ்ஸில் பாதி வழியில், "10-ஆம் பெட் பொட்டாசியம் ரிசல்ட்டைச் சொன்னேனா?" என்று நிச்சயம் ஒருநாள் தோன்றும். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். பஸ்ஸிலிருந்தே வார்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். வார்டு லேண்ட்லைன் எண்ணைச் சேர்ந்த அன்றைக்கே போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.